விலைக்கு வாங்கிய வீரவாள்

வீரத்துக்கு விலையுண்டோ என்பர். இங்கிலாந்திலே இருந்தது! 1871 வரை அந்நாட்டுக் குதிரைப்படையில் அதிகாரிப் பதவி, பணம் கொடுத்து வாங்கும் பண்டம். பிறப்பே தகுதி என்னும் பேதைமை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமன்று.

கார்டிகன் பிரபு அவ்விதம் படைத்தலைமை பெற்றவர். இந்தியாவில் ஆண்டுக்கணக்காக வெயிலில் வெந்து பணிபுரிந்த அதிகாரிகளை ஏளனம் செய்தவர். மேலதிகாரி லூக்கன் பிரபுவோ அவருடைய மைத்துனர், இருவருக்கும் தீராப்பகை.

1854 அக்டோபர் 25. கிரிமியாவின் பாலக்ளாவாக் களம். வந்தது தெளிவற்றதோர் கட்டளை. எதிரே பீரங்கிகள் என்றறிந்தும் ஏறத்தாழ 670 பேர் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கார்டிகன் கோழையல்லர்; முன்னணியிலேயே சென்றார், மறுப்பதற்கில்லை. ஆனால் மீண்டதும், துறைமுகத்தில் நின்ற தம் சொந்த உல்லாசப் படகிலே உறங்கினார்! படைவீரனுக்குக் குளிரும் கூடாரமும்.

தாயகம் திரும்பிய பிரபுவுக்கு வரவேற்பு, விருந்து; கம்பளிச் சட்டைக்குக்கூட அவர் பெயர்! லூக்கன், 1887-இல் பீல்டு மார்ஷல்.

வாளேந்திய எளியவர்? 1890-இல் எஞ்சியிருந்தோருட் பலர் வறுமையில் வாடினர். ஊரார் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. அக்களத்தில் எக்காளம் ஏந்திய லான்ஃபிரீட், அந்நிதிக்காக முதுமையில் மீண்டும் ஊதினார். மெழுகு உருளையிலே பதிந்த அவ்வொலியை இன்றும் கேட்கலாம்.