கூலிக்கு வந்தவர்கள் மீட்ட கம்பங்கள்

1933 மார்ச் 31 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது ‘சிவிலியன் கன்சர்வேஷன் கோர்’. நாட்டில் உழைப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத காலம் அது. மணமாகாத இளைஞர்கள் காட்டு முகாம்களில் தங்கி மரம் நட்டார்கள், பாதை வெட்டினார்கள், காட்டுத்தீயோடு போராடினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். மகன் காட்டில் கன்று நட, ஊரில் அம்மாவின் அடுப்பு எரிந்தது. ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர் இப்படி வேலை செய்தார்கள். கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென்று ஒரு தனிப்பிரிவு இருந்தது. அதன் கதை அதிகம் பேசப்படாதது.

பூர்வகுடி விவகாரங்களின் ஆணையர் ஜான் காலியரின் பொறுப்பில் இருந்த அந்தப் பிரிவு, மற்ற முகாம்களைப்போல ராணுவத்தின் கையில் இல்லை. மணமானவரும் சேரலாம், வயதானவரும் சேரலாம். பலர் தங்கள் வீட்டிலிருந்தே, தங்கள் குடியின் நிலத்திலேயே வேலைக்குப் போனார்கள். கிணறு, சிற்றணை, வேலி, சாலை என்று எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உழைத்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும் என்று சொல்லி அதே நிர்வாகம் நவஹோ மக்களின் ஆடுகளைப் பெருமளவில் குறைத்தது. மந்தைகள் பெரும்பாலும் பெண்களின் சொத்து. கூலி வேலையோ ஆண்களுக்கு. ஒரு கையால் கொடுத்த கூலி, மறு கையால் பறித்த மந்தைக்கு ஈடாகவில்லை. அந்தக் காயம் தலைமுறைகள் தாண்டியும் ஆறவில்லை.

அலாஸ்காவில் நடந்தது வேறு. வேலையும் பள்ளியும் தேடி டிலிங்கிட், ஹைடா மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அவர்களுடைய குலச்சின்னக் கம்பங்கள் பழைய ஊர்களில் மழையில் உளுத்துக்கொண்டிருந்தன. 1938இல் வனத்துறை இந்தத் திட்டத்தின் பணத்தைக் கொண்டு அவற்றை மீட்கத் தொடங்கியது. செதுக்கத் தெரிந்த முதியவர்களுக்குக் கூலி கிடைத்தது. இளைஞர்கள் அவர்கள் அருகே நின்று கற்றார்கள். பழைய மாதிரியில் உளிகளைக் கையாலேயே செய்தார்கள். சிப்பி, மரப்பாசி, சால்மன் முட்டை முதலியவற்றிலிருந்து பழைய வண்ணங்களைக் கூட்டிப் பார்த்து, அதே நிறத்தில் புதுச் சாயம் தயாரித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கம்பங்கள் மீண்டும் நின்றன. கெட்சிகன் அருகே சாக்ஸ்மனிலும் டோட்டம் பைட்டிலும் அவற்றில் சிலவற்றை இன்றும் பார்க்கலாம். காடு காக்க ஒதுக்கிய பணம் ஒரு கலையையும் காத்தது. பணம் போன இடத்தில் அந்த மண்ணின் கைகள் இருந்ததே காரணம்.

1942இல், போர்க்காலத்தில், நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. முகாம்கள் மூடப்பட்டன. 1970களில் இதே பாணியிலான இளைஞர் பணிப்படைகள் மீண்டும் தலையெடுத்தன. 1980களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சி அந்த நிதியையும் வெட்டியது.

2008இல் நியூ மெக்சிகோவின் அகோமா பியூப்லோவில் ‘ஆன்செஸ்ட்ரல் லேண்ட்ஸ்’ என்ற பூர்வகுடி இளைஞர் படை தொடங்கியது. பின்னர் சூனி, ஹோப்பி, நவஹோ இளைஞர்களுக்கும் அது விரிந்தது. பாதை செப்பனிடுவதோடு, முன்னோர் கட்டிய கற்சுவர்களைப் பழுதுபார்ப்பதும் அவர்கள் வேலை. 2019ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், பூர்வகுடி இளைஞர்களுக்கான ‘இந்தியன் யூத் சர்வீஸ் கோர்’ என்ற அமைப்புக்கு வழிவகுத்தது. பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்து, அவர்கள் பிள்ளைகளையே பெரும்பான்மையாகக் கொண்டு வேலை நடக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 2022இல் உள்துறைச் செயலராக இருந்த டெப் ஹாலண்ட், லகுனா பியூப்லோவைச் சேர்ந்தவர், அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டார். நிதி மட்டும் இன்னும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியதாகவே இருக்கிறது.