சிறு கேமரா, ஒரே லென்ஸ்: 1950இல் திருவண்ணாமலைக்கு வந்த லைக்கா

1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்குத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்தார். அந்த நேரத்தில் ஓர் ஒளி தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் உச்சிக்குப் பின்னால் மறைந்ததைப் பலர் கண்டனர். கண்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன். அப்போது அவருக்கு வயது 41. தாம் தங்கியிருந்த வீட்டின் முன்னே நின்று வானத்தைப் பார்த்தவர், உடனே கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துவிட்டு ஆசிரமத்துக்கு ஓடியதாகப் பின்னர் கூறியிருக்கிறார். அவருடைய கேமரா உள்ளங்கையில் அடங்கும் லைக்கா. அதில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான் இருக்கும்.

சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாக ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஊர் திருவண்ணாமலை. ஆனாலும் உலகப் புகைப்பட வரலாற்றில் இடம்பெற்ற ஒருவர் இவ்வளவு அருகில் வந்து வேலை செய்தார் என்பது நம் பகுதி மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

லைக்காவின் பிறப்பு

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனம் நுண்ணோக்கிகள் செய்துவந்தது. அங்குப் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமையே புகைப்படத்துக்குப் பயன்படுத்தும் சிறு கேமரா ஒன்றை முதல் உலகப்போருக்குச் சற்று முன் உருவாக்கினார். சினிமாச் சட்டத்தை இரட்டிப்பாக்கி 24 x 36 மி.மீ. அளவை வைத்தார். போர் முடிந்து, 1925இல்தான் லைக்கா விற்பனைக்கு வந்தது. கேமரா என்றால் முக்காலியும் கறுப்புத் துணியும் கண்ணாடித் தகடும் என்றிருந்த காலம் அது. பர்னாக்கின் கேமராவோ சட்டைப்பையில் போகும். ஒரு சுருளில் 36 படம் எடுக்கும்.

முதல் லைக்காவில் தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டு லென்சைத் திருப்ப வேண்டும். 1932இல் வந்த லைக்கா 2இல் ரேஞ்ச்பைண்டர் லென்சோடு இணைக்கப்பட்டது. இதன் தத்துவம் பள்ளிக் கணக்குதான். கட்டைவிரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். விரல் அருகில் இருந்தால் அதிகமாக மாறும், தள்ளி இருந்தால் குறைவாக மாறும். கேமராவின் முகப்பில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் உள்ளன. அவற்றில் விழும் இரு பிம்பங்களையும் ஒரு சிறு கண்ணாடி ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டும். லென்சைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் ஃபோகஸ் சரி. அடிப்பக்கமும் கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் உயரம் கிடைத்துவிடும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான் இது.

பின்னாளில் பரவலான எஸ்எல்ஆர் கேமராவில் படம் எடுக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடி 'டப்' என்று எழும். ரேஞ்ச்பைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. துணி ஷட்டரின் மெல்லிய ஓசை மட்டும் கேட்கும். அதிர்வு குறைவாதலால் வெளிச்சம் மங்கிய அறையிலும் முக்காலி இல்லாமல் எடுக்கலாம். குறையும் உண்டு. அக்கால லைக்காவில் ஒரு மீட்டருக்குள் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியாது. ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, சட்டம் பார்க்க வேறொரு துளை. இரண்டும் ஒரே சாளரத்தில் சேர்ந்த எம்3 வந்தது 1954இல்.

50 மி.மீ. பழகிய கண்

கார்த்தியே-பிரெசோன் 1932 முதல் லைக்கா பிடித்தவர். கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடிவைப்பார், யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக. ஃபிளாஷ் போடமாட்டார்; எடுத்த படத்தை ஓரம் வெட்டி அச்சிடுவதையும் விரும்பமாட்டார். வேறு லென்சுகள் அவரிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கண் பழகியது 50 மி.மீ. லென்சுக்குத்தான்.

ஒரே லென்சைப் பழகுவதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மி.மீ. லென்ஸ் மூன்று மீட்டர் தொலைவில் சுமார் 2.2 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் உயரமும் உள்ள இடத்தைப் பிடிக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் இருவருக்கு அது போதும். துளையை எஃப்/8இல் வைத்து மூன்று மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 2.3 மீட்டர் முதல் 4.2 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். இந்த அளவுகள் மனத்தில் பதிந்துவிட்டால் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே படத்தின் எல்லை தெரிந்துவிடும். அருகில் போக வேண்டுமா, விலக வேண்டுமா என்பதைக் கால்கள் முடிவு செய்யும். ஜூம் லென்ஸ் சோம்பேறியாக்கும் என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஆசிரமத்தில்

ரமணரின் புகைப்படங்கள் அதற்கு முன்பும் நிறைய உண்டு. பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் இன்று எத்தனையோ வீடுகளில் மாட்டப்பட்டுள்ளது. அது கேமராவை நேராகப் பார்க்கும் முகம். 1950இல் நிலைமை வேறு. இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு முந்தைய ஆண்டில் பலமுறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ரமணர் ஒரு சிற்றறையில் இருந்தார். அன்பர்கள் வரிசையாக வாசலைக் கடந்து தரிசித்துச் சென்றார்கள். அத்தகைய இடத்தில் விளக்கும் முக்காலியும் வைத்து ஒருவர் வேலை செய்தால் அது அத்துமீறல்.

இதற்கு முன்பே அவர் இத்தகைய சூழலில் வேலை செய்திருக்கிறார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். பிர்லா இல்லத்தில் எளிய உடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, இருந்த வெளிச்சத்திலேயே படமெடுத்தார். அதே இல்லத்துக்குள் கேமராவை மறைத்துக் கொண்டுபோய் ஃபிளாஷ் போட்ட அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் பூர்க்-ஒயிட்டிடம் துயரத்தில் இருந்தவர்கள் கோபம் கொண்டு பிலிமைப் பறித்ததாகக் கூறப்படுகிறது. அவர் தாழ்ந்த கலைஞர் அல்லர். ராட்டைக்கு அருகில் காந்தி இருக்கும் புகழ்பெற்ற படம் அவர் எடுத்ததுதான். அன்று அந்த அறைக்குப் பொருந்தாதது அந்தப் பளிச்சொளி.

திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும், மறைவுக்குப் பின் திரண்ட மக்களையும் கார்த்தியே-பிரெசோன் பதிவு செய்தார். டிரை-எக்ஸ் பிலிம் 35 மி.மீ. சுருளாக வராத காலம் அது. அது வந்தது 1954இல். அன்றைய வேகமான பிலிமே 100 ஏஎஸ்ஏ அளவுதான். இன்றைய கைப்பேசி இருட்டில் எடுப்பதோடு ஒப்பிட்டால் அவருக்கு இருந்த வசதி மிகக் குறைவு. மலையின்மேல் மறைந்த அந்த ஒளிக்கு அவரிடமிருந்து படம் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டுமே உண்டு.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 24 தரிசன நாளையொட்டி, புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். பல்லாண்டுகளாகக் கேமரா முன் அமராதிருந்தவர் அரவிந்தர். அதே ஆண்டு டிசம்பர் 5இல் அவரும் மறைந்தார்.

நம் ஊர்ப் பக்கம்

லைக்கா நமக்கு எட்டாத விலை. சேலம், நாமக்கல் பகுதிக் கல்யாண வீடுகளில் நான் பார்த்த ரேஞ்ச்பைண்டர், 1966இல் ஜப்பானில் அறிமுகமான யாஷிகா எலக்ட்ரோ 35. அதன் 45 மி.மீ. லென்சைக் கழற்ற முடியாது; பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது ஒன்றுதான்! பிலிமுக்கு உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம் 1967இல் உற்பத்திக்கு வந்து, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் விற்றது. இந்து என்றால் நிலா.

வீட்டுப் பரணில் அத்தகைய யாஷிகா கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை என்றாலும், சிறு இணைப்பு ஒன்றைப் பொருத்தி 6 வோல்ட் பேட்டரியால் இயக்கலாம். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் 1/500 நொடியில் இயங்கும். 400 ஐஎஸ்ஓ பிலிமைப் போட்டுத் துளையை எஃப்/16இல் வைத்தால், நாமக்கல் கோட்டைப் பாறையின் சித்திரை மாத உச்சி வெயிலுக்கு அது ஏறக்குறையச் சரியான அளவு.