ஒப்புதலும் காலமும்: ஜப்பானின் 2022 சட்டம் எழுப்பும் தொழில்வாழ்க்கைக் கேள்வி

வயதுவந்தோர் படங்களில் நடிக்க ஒருவர் ஒப்புக்கொள்வது பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒழுக்கம், தனிமனித உரிமை என்ற இரு முனைகளுக்கிடையே நின்றுவிடுகிறது. காலம் என்ற கூறு அதில் விடுபடுகிறது. இன்று கையெழுத்திடுபவர், பத்தாண்டு கழித்து வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்கப்போகும் தம்மையும் சேர்த்தே பிணைத்துக்கொள்கிறார். அந்த வருங்கால மனிதரின் நலனைச் சட்டம் எந்த அளவுக்குக் காக்க முடியும் என்பதை ஜப்பானின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நடிக்க மறுத்த ஓர் இளம்பெண்ணிடம் 2 கோடி யென்னுக்கும் மேல் இழப்பீடு கோரிய நிறுவனத்தின் வழக்கை, 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விருப்பமில்லாதவரை இத்தகைய வேலைக்குக் கட்டாயப்படுத்த இயலாது என்பது தீர்ப்பின் சாரம். 2022 ஏப்ரல் 1 அன்று அந்நாட்டில் சட்டப்படி வயதுவந்தோராகும் வயது 20இலிருந்து 18ஆகக் குறைந்தது. பெற்றோர் இசைவின்றிச் செய்த ஒப்பந்தத்தை ரத்துசெய்ய 18, 19 வயதினருக்கு இருந்த பாதுகாப்பு அதனால் பறிபோனது. அந்த இடைவெளியை நிரப்ப, அதே ஆண்டு ஜூனில் தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எல்லா வயதினருக்கும் பொருந்தும் இச்சட்டம், ஒவ்வொரு படத்துக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. ஒப்பந்த ஆவணம் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்தே படப்பிடிப்பு. அது முடிந்து நான்கு மாதம் கழித்தே வெளியீடு. வெளியான பின்னும் ஓராண்டு வரை, காரணம் கூறாமலும் இழப்பீடு தராமலும் நடித்தவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். படத்தின்வழி அடையாளம் காணப்படும் வாய்ப்பு உண்டு என்பதையும் முன்கூட்டியே அவருக்கு விளக்கியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் எல்லையும் தெளிவானது. விற்பனையை நிறுத்தலாம், பிறர் பதிவிறக்கிய படிகளை முழுமையாகத் திரும்பப்பெற முடியாது. முகத்தை வைத்துத் தேடும் கருவிகள் பெருகிய நிலையில் புனைபெயரும் போதிய அரணாகாது. ஊதியம் ஒருமுறை வருகிறது. விலையோ ஆசிரியப்பணி, குழந்தைப் பராமரிப்பு போன்ற துறைகளின் ஒவ்வொரு நேர்காணலிலும் மீண்டும் கேட்கப்படலாம். எனவே ‘யாருக்கும் தெரியவராது’ என்ற நம்பிக்கையின்மேல் கணக்குப் போடுவது தவறு. தெரியவந்தால் எந்த வேலைகள் கைநழுவும், எஞ்சியவற்றோடு வாழ முடியுமா என்பதே சரியான கணக்கு.

காத்திருப்பு விதிகளால் படப்பிடிப்புகள் தள்ளிப்போய் வருமானம் குறைந்ததாக நடிப்போர் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய குறை நியாயமானது. ஆயினும் தாமதமான வருமானத்தைப் பின்னர் ஈட்டலாம். பரவிவிட்ட படத்தை மீட்க முடியாது. ஆகவே காத்திருப்பு விதி ஏற்கத்தக்கது.

ஆனால், எடைபோடும் சுமை முழுவதையும் நடிப்பவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. சட்டத்துக்கு உட்பட்டுச் செய்த பழைய வேலையைக் காரணம் காட்டிப் புதிய வேலையை மறுக்கும் முதலாளியும் அந்தத் தீங்கில் பங்காளியே. வேலைவாய்ப்புப் பாகுபாட்டுக்கு எதிரான விதி சேராதவரை, 2022 சட்டம் பாதிப் பாதுகாப்பே.