அரசியல் நாகரிகம்: ஒரு கடிதமும் ஒரு நாற்காலியும்

"அந்தக் காலத்துல அரசியல்வாதிங்க எல்லாம் எவ்வளவு நாகரிகமா இருந்தாங்க தெரியுமா?"

இந்த வரியை வீட்டில், பேருந்தில், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் என்று எங்காவது கேட்காத தமிழர் இருக்க முடியாது. கேட்ட உடனே உதாரணமாக வருவது ராஜாஜியின் இறுதிச் சடங்கில் பெரியார் அழுத கதை. நானும் ஒரு போட்டியில் இதையே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. அந்த நாகரிகம் என்பது சரியாக எது? அது எல்லோருக்கும் கிடைத்ததா? கொஞ்சம் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருவர். ராஜாஜி 1878-ல் பிறந்தவர், பெரியார் 1879-ல். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், இன்னொருவர் ஈரோடு நகராட்சித் தலைவர். அந்த நாட்களிலேயே பழக்கம். இருவரும் காந்தியின் பின்னால் காங்கிரசில் வேலை செய்தார்கள். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியே வந்தார். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருவரும் எதிர் எதிர் அணிதான் (1967 தேர்தலில்கூட ராஜாஜி தி.மு.க. கூட்டணியில், பெரியார் காங்கிரஸ் பக்கம்!).

எதிர் அணி என்றால் சும்மா இல்லை. 1938-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துப் போராடிய பெரியாரைச் சிறையில் தள்ளியது அதே ராஜாஜி அரசு. அந்தப் போராட்டத்தில் நடராசன், தாளமுத்து என்ற இரண்டு பேர் 1939-ல் கைதிகளாக இருந்தபோதே உயிரிழந்தார்கள். பிறகு 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில். இது குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியார் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தார். கடைசியில் 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே கைவிட்டார்.

ஆக, நட்புக்காக இருவரும் கொள்கையில் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. இது முக்கியம். நாம் நினைப்பது மாதிரி நாகரிகம் என்றால் மென்மையாக எதிர்ப்பது என்று அவர்கள் நினைக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதம். 1949 மே மாதம். ராஜாஜி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். திருவண்ணாமலைக்கு வந்தவரைப் பெரியார் ரயில் நிலையத்தில் போய்ச் சந்தித்தார். தனியாகப் பேசினார்கள். ஜூலையில் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். இருவருக்கும் சுமார் 40 வயது வித்தியாசம். இயக்கத்தில் பூகம்பம். செப்டம்பரில் அண்ணாவும் மற்றவர்களும் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார்கள்.

"எல்லாம் ராஜாஜி கொடுத்த யோசனை, கழகத்தை உடைக்க அவர் செய்த தந்திரம்" என்று பேச்சு பரவியது. உண்மை நேர்மாறானது. பெரியார் ஆலோசனை கேட்டதற்கு ராஜாஜி எழுதிய பதில் கடிதத்தில், வயதைச் சுட்டிக்காட்டி, இந்தத் திருமணம் வேண்டாம் என்கிற திசையில்தான் எழுதியிருந்தார். ஆனால் அது அந்தரங்கக் கடிதம். ராஜாஜி தன் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள அதை வெளியே சொல்லவில்லை. பெரியாரும் ஒரு நண்பர் நம்பி எழுதியதை மேடையில் படிக்கவில்லை. இருவரும் மறைந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

எனக்கு 1972 கண்ணீரைவிட இது பெரியதாகத் தெரிகிறது. டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் வந்து பெரியார் அழுதது எல்லோரும் பார்க்க நடந்தது. கடிதத்தைக் காத்தது யாரும் பார்க்காதபோது நடந்தது. அதுவும் இருபது வருடத்துக்கு மேல்! இன்றைக்கு ஒரு தொலைபேசிப் பேச்சுகூட மறுநாள் ஒலிப்பதிவாக வெளியாகிவிடுகிறது.

இதே வரிசையில் இன்னும் இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, 1954. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவருக்குத் துணை நின்றவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர் அமைத்தது மொத்தம் 8 பேர் கொண்ட சின்ன அமைச்சரவை. அதில் இந்த இருவருக்கும் இடம் கொடுத்தார். கல்வித் துறையே சுப்பிரமணியத்திடம்தான். பின்னாளில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பெருகியதில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு. தோற்றவரைப் பழிவாங்காமல் விட்டதில் லாபம் நாட்டுக்கு.

இரண்டு, 1967. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றுப்போனார். பதினெட்டு வருடமாகத் தி.மு.க.வினரைக் "கண்ணீர்த்துளிகள்" என்று கிண்டல் செய்தவர் பெரியார். அந்தத் தேர்தலிலும் எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். வெற்றி பெற்ற அண்ணா பதவி ஏற்கும் முன் திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். பிறகு தன் ஆட்சியையே அவருக்குக் காணிக்கை என்றார்.

சரி, அப்படியென்றால் அது பொற்காலமா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அதே காலத்து மேடைகளில் காமராஜரின் நிறத்தையும் படிப்பையும் கேலி செய்து பேசினார்கள். கூட்டமும் சிரித்தது. தலைவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் நலம் விசாரிப்பார்கள், தொண்டர்கள் தெருவில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இந்த இடைவெளியின் விலை பின்னால் தெரிந்தது. 1989 மார்ச் 25 அன்று பட்ஜெட் தினத்தில் சட்டமன்றத்திலேயே அடிதடி. முதல்வர் கருணாநிதி, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா இருவருமே அதன் நடுவில். அன்று என்ன நடந்தது என்பதை இரு தரப்பும் வெவ்வேறு விதமாகவே சொல்லி வந்தன. 2001 ஜூன் 30 அதிகாலை, 77 வயது கருணாநிதியைக் காவல்துறை வீடு புகுந்து கைது செய்த காட்சியை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது.

சாவில்கூட இந்த மாற்றம் தெரியும். 1975 அக்டோபர் 2-ல் காமராஜர் இறந்தபோது முதல்வர் கருணாநிதி. எதிர்க்கட்சித் தலைவர் என்று பார்க்காமல் அரசு மரியாதையும், கிண்டி காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் இடமும் கொடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 7-ல் கருணாநிதி இறந்தபோது மெரினாவில் இடம் தர அன்றைய அரசு மறுத்து, அதே காந்தி மண்டபம் பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னது. இரவு முழுக்க உயர்நீதிமன்றத்தில் போராடி மறுநாள் காலை தீர்ப்பு வாங்கித்தான் அண்ணாவின் அருகில் அடக்கம் செய்ய முடிந்தது. அரசு சட்டச் சிக்கல் என்று காரணம் சொன்னது. இருக்கட்டும். ஆனால் ஒரு மனிதரின் ஆறடி நிலத்துக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதும் வரலாற்றில் பதிவாகிவிட்டது.

இன்னொரு விஷயம் இதையெல்லாம்விட என்னை உறுத்தியது. மேலே சொன்ன எல்லாமே பெரிய தலைவர்கள் தங்களுக்குள் காட்டிக்கொண்ட மரியாதை. கீழே என்ன நடந்தது?

1992-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு கிடைத்தது. 1996-ல் தேர்தல் என்றதும் மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் ஆதிக்க சாதியினர் தேர்தலையே நடக்க விடவில்லை. சில முறை யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் அங்கே முறையான தலைவர்கள் பதவி ஏற்றார்கள். அதே மாவட்டத்தில்தான் மேலவளவு. அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உட்பட 6 பேர் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

2020-ல் கடலூர் மாவட்டத்தில் இருந்து ஒரு புகைப்படம் வெளியானது. ஊராட்சி மன்றக் கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலியில். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான ஒரு தாழ்த்தப்பட்ட பெண் மட்டும் தரையில். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் மைக்கை உடைக்கவில்லை. பார்க்க எவ்வளவு அமைதியான கூட்டம்! ஆனால் 1989 சட்டமன்றத்தைவிட அநாகரிகமான காட்சி அது.

பெரியார் சின்னப் பையனைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் அழைப்பார் என்று அவரோடு பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மரியாதை சமமானவர்களுக்குள் சுற்றி வரும் மரியாதை இல்லை, கீழே இறங்கி வரும் மரியாதை. ராஜாஜிக்குக் கொடுத்த அதே "ங்க" ஒரு பள்ளிச் சிறுவனுக்கும்.

அதனால் அடுத்த முறை யாராவது "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தால், நான் மறுக்கப் போவதில்லை. அந்தக் கடிதம் உண்மை, அந்தக் கண்ணீரும் உண்மை. கூடவே ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் எங்கே உட்காருகிறார்?

உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் சொல்லுங்கள் நண்பர்களே.