எரிந்த கதையும் எழுந்த கதையும்

ஜூன் முதலாம் திகதி நெருங்கும்போதெல்லாம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை எமது பத்திரிகைகளில் வெளியாகும். அதனை எழுதியவர்களுள் நானும் ஒருவன். ஆனால், அந்நூலகம் எவ்வாறு எழுந்தது என்பதை நாம் அரிதாகவே எழுதினோம். இனி அது யாருக்கானதாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் உள்ளது.

1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டில் இருந்த நூல்களை இலவசமாக வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி 1934 ஆகஸ்ட் முதலாம் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களைக் கொண்ட நூலகமாயிற்று. அடுத்த ஆண்டு உள்ளூராட்சி சபை அதனைப் பொறுப்பேற்றது. நிரந்தரக் கட்டடத்துக்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி கட்டடம் திறக்கப்பட்டது. முன்றலில் சரஸ்வதி வீற்றிருந்தாள். அவளுக்கு மாளிகை எழுப்பப் பாடுபட்டவரோ கத்தோலிக்கத் துறவி. அன்று அது எவருக்கும் முரண்பாடாகத் தோன்றவில்லை.

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களின்போது பொலிஸாரும் அவர்களுடன் வந்த கும்பலும் அந்நூலகத்துக்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகின. தீயைக் கண்ட அதிர்ச்சியில் தமிழறிஞர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார். அன்று அழிந்தது ஓர் இனத்தின் நினைவு என்று நாம் உலகுக்குச் சொன்னோம். அது உண்மை.

அந்த உண்மையைச் சொன்ன எமக்கு ஒரு கடமையும் உண்டு. 1990 ஒக்டோபரில், ஆயுதமேந்திய எம்மவர்களான விடுதலைப் புலிகளால் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தலைமுறைகளாகத் தமிழ் பேசி வாழ்ந்த அம்மக்களின் வீடுகளில் இருந்த ஏடுகளுக்கும் பதிவுகளுக்கும் என்ன நேர்ந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்? எரிந்த நூலகத்துக்காக அழுத நாம் அதற்காகவும் அழுதிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது 1931இல் இரங்கநாதன் வகுத்த விதிகளுள் ஒன்று. பல சமூகங்கள் வாழும் ஊரில் அதன் பொருள் ஆழமானது. திரும்பிவந்த முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை தன் பாட்டனார் வாழ்ந்த தெருவின் வரலாற்றை அங்கே காணவேண்டும். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வடக்கில் குடியேறியவர்களின் கதையும் அங்கே இருக்கவேண்டும். சிங்கள வாசகரும் தமது மொழியில், எரிந்த அந்த இரவைப் பற்றி மறைக்காமல் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி, ஈழத்து நூல்களை உலகெங்குமுள்ள வாசகரின் கைக்கெட்டச் செய்துள்ளது. எழுதப்படாத நினைவுகளையும், அவை உள்ளவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதிந்து வைப்பது பொது நூலகங்களின் அடுத்த பணியாகும்.

புனரமைக்கப்பட்ட கட்டடம் இன்று வெண்மையாக நிமிர்ந்து நிற்கின்றது. எரித்தவர்கள் அதனை ஓர் இனத்தின் சொத்தென்று எண்ணியே எரித்தார்கள். எல்லோருக்குமான வீடாக அதனை வைத்திருப்பதே அவர்களுக்கு நாம் அளிக்கக்கூடிய பதில்.