புல்லோடு புல்லாக ஒரு ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றாலே மரத்தில் தொங்கும் பெரிய பூக்கள்தான் நினைவுக்கு வரும். ஸூக்ஸின் ஸ்ட்ராட்யூமேட்டிகா அப்படியல்ல. ஈரப் புல்தரையில் ஒரு சாண் உயரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும். மிதித்துவிட்டுப் போனாலும் தெரியாது.

1670களில் இலங்கையில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் உலர்த்தி வைத்த செடிகளில் இதுவும் ஒன்று. அவற்றைப் பற்றிய நூல் அச்சேறும் முன்பே, 1695ல் அவர் இறந்துவிட்டார். தொகுப்பும் பல பத்தாண்டுகள் கண்ணில் படவில்லை. கடைசியில் கோபன்ஹேகனில் ஒரு மருந்தாளரிடம் இருந்து 1744ல் லின்னேயஸ் கைக்கு வந்தது. 1753ல் ஸ்ட்ராட்யூமேட்டிகா என்று பெயரிட்டார். அலைந்தது ஹெர்மன், வரவு லின்னேயஸ் கணக்கில்!

1936ல் இதே செடி அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. யாரும் நட்டதில்லை. சீனாவிலிருந்து வந்த புல்விதையோடு கலந்து போயிருக்கலாம் என்கிறார்கள். தூசி போன்ற விதைக்கு பாஸ்போர்ட்டா கேட்பார்கள்?