கோடைக்கால ஆய்வகமும் செய்முறை எழுத்தும்

வேதியியல் மாணவர் ஒருவர் எழுதிவைத்த செய்முறையைப் படித்து, முன்பின் அறியாத வேறொருவர் அதே பொருளை அதே அளவில் பெற முடிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இன்று இயல்பாகத் தோன்றினாலும், ஆய்வக எழுத்து அந்த நோக்கத்தோடு பிறந்ததன்று. இராபர்ட் பாயில் காற்றை வெளியேற்றும் எந்திரத்தைக் கொண்டு தாம் செய்த 43 சோதனைகளை 1660இல் நூலாக வெளியிட்டபோது, கருவியின் உறுப்புகளையும் சோதனையின் படிகளையும் சலிப்பூட்டும் அளவுக்கு விரித்து எழுதினார். அத்தகைய எந்திரம் ஐரோப்பாவில் மிகச் சிலரிடமே இருந்ததால், சோதனையைத் தாமே செய்து பார்க்க இயலாத வாசகரும் அதை நேரில் கண்டவர்போல் நம்பும்படி செய்ய அந்த விரிவு தேவைப்பட்டது. தோல்வியுற்ற சோதனைகளைப் பற்றியும் அவர் 1661இல் தனியே எழுதினார். பிற்கால ஆய்விதழ்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட நல்ல வழக்கம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்து சுருங்கியது. 1824இல் கீசன் நகருக்கு வந்த யூஸ்டுஸ் லீபிக், மாணவர்களைக் குழுவாக ஆய்வகத்தில் பயிற்றுவிக்கும் முறையை நிலைநாட்டியபின், செய்முறை அறிவு ஆசிரியரின் கையிலிருந்து மாணவரின் கைக்கு நேரடியாகச் சென்றது; ஆய்விதழ்களோ, பயிற்சி பெற்றவர்களே தம்மைப் படிப்பார்கள் என்ற துணிவில் பல படிகளை ஒரே வரியில் கடந்துசென்றன. அந்த இடைவெளியைக் கையேடுகள் ஓரளவு நிரப்பின. லூத்விக் கட்டர்மான் 1894இல் வெளியிட்ட கரிம வேதியியல் செய்முறை நூலை ஜெர்மானிய மாணவர்கள் சமையல் புத்தகம் என்றே அழைத்தனர்.

நிலைமையை மாற்றியது ஆய்வகத்துக்குள் எழுந்த சிந்தனையன்று, போர். நுண்ணிய கரிமப் பொருள்களுக்கு, அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களுக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெர்லினின் கால்பாம் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களையே நம்பியிருந்தன. 1914இல் முதல் உலகப்போர் மூண்டு கடல்வழி அடைபட்டதும் அந்தப் புட்டிகள் வருவது நின்றது. இலினாய் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் டெரிக் தொடங்கி, 1916இல் அங்கு வந்த ரோஜர் ஆடம்ஸ் விரிவாக்கிய ஏற்பாட்டின்படி, மாணவர்கள் கோடை விடுமுறையில் அப்பொருள்களைத் தாங்களே கிலோக்கணக்கில் தயாரித்தனர். பின்னாளில் பல்படிம வேதியியலில் பெயர்பெற்ற கார்ல் மார்வெல் அங்கே பயின்றவர்களுள் ஒருவர்.

அச்சில் இருந்த செய்முறைகளை அவர்கள் அப்படியே பின்பற்றியபோது பலவற்றில் சொல்லப்பட்ட விளைச்சல் கிடைக்கவில்லை. விளைச்சல் என்பது கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய அளவில் உண்மையில் கைக்கு வந்த பங்கு. எந்தப் பொருளை முதலில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் கலக்குவது, வெப்பம் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்பன போன்ற செய்திகளே பெரும்பாலும் விடுபட்டிருந்தன. மாணவர்கள் திருத்தி எழுதிய செய்முறைகள் முதலில் பல்கலைக்கழகத்தின் சிறு வெளியீடுகளாக வந்தன; 1921இல் ஆடம்ஸ், ஜேம்ஸ் கோனன்ட், ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஹான்ஸ் கிளார்க், ஆலிவர் காம் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ என்னும் ஆண்டுத் தொகுதி தொடங்கியது.

முதல் தொகுதியிலேயே, மணிகளை உதிர்த்துவிட்ட மக்காச்சோளக் கதிர்களிலிருந்து ஃபர்ஃபியூரால் என்னும் எண்ணெயை வடித்தெடுக்கும் செய்முறை இடம்பெற்றது. சோளம் விளையும் இலினாய் மண்ணுக்கு அது பொருத்தமான தேர்வுதான். ஆயினும் தொகுதியின் உண்மையான புதுமை பொருள்களில் இல்லை. ஒருவர் அனுப்பிய செய்முறையைப் பதிப்புக்குழுவைச் சேர்ந்த ஒருவரின் ஆய்வகத்தில், எழுதியபடியே மறுபடி செய்து பார்த்து, எதிர்பார்த்த விளைவு கிடைத்தால் மட்டுமே அச்சிட்டனர். அனுப்பியவரின் பெயருக்குக் கீழே சரிபார்த்தவரின் பெயரும் இடம்பெற்றது. இதனால் எழுத்தின் வடிவமே மாறியது. செய்முறைப் பகுதி கட்டளைபோல் சுருக்கமாக நிற்க, சரிபார்ப்பவர் தடுமாறிய இடங்களெல்லாம் ‘குறிப்புகள்’ என்ற தனிப்பகுதியில் சேர்ந்தன; எந்த வினைபொருளின் தூய்மை முக்கியம், எந்தப் படியில் நுரை பொங்கும், எந்த ஆவி ஆபத்தானது என்பவற்றை அங்கேதான் காணலாம். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் செய்முறைக்கு முன்பே அந்தப் பகுதியைப் படிப்பதில் வியப்பில்லை.

இந்தியக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் புழங்கிய ஆர்தர் வோகலின் செய்முறை நூல் 1948இல் வெளிவந்தது. இளநிலை மாணவர் தனியே நின்று செய்யத்தக்க அளவுக்கு விவரம் தருவது என்னும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டிருந்தது. ஆனால் விவரம் மிகுந்திருப்பதால் மட்டுமே செய்முறை பலித்துவிடுவதில்லை. 1982 முதல் 2005 வரை ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ தொகுதிக்கு வந்தவற்றுள் சுமார் 12 விழுக்காடு, சரிபார்ப்பில் சொன்ன விளைவு கிடைக்காமல் தள்ளப்பட்டன. அவற்றை அனுப்பியவர்கள், தம் எழுத்து வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த கைதேர்ந்த வேதியியலாளர்கள்.